ஓபர்-புரோக்குரோர்: வக்கீல் இல்லை, ஆணையர்

ஜார் ஆட்சியின் கடைசிக் காலத்தைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் கான்ஸ்டன்டின் பொபெதனோஸ்ட்சேவ் 'தலைமை அரசு வழக்கறிஞர்' ஆகிவிடுகிறார். படித்துப் படித்து அலுத்துவிட்டது. 1880 முதல் 1905 வரை அவர் வகித்தது ரஷ்யத் திருச்சபையை நிர்வகித்த ஆயர் குழுவான சினோடில் 'ஓபர்-புரோக்குரோர்' பதவி. ஓபர் ஜெர்மன், தலைமை என்று பொருள். புரோக்குரோர் லத்தீன் வழி வந்தது. இன்னொருவர் சார்பில் காரியம் பார்ப்பவர். அவ்வளவுதான்.

யார் சார்பில்? ஜார் மன்னர் சார்பில். முதலாம் பீட்டர் 1721இல் திருச்சபைத் தலைவரான முதுபெரும் தந்தையின் ஆட்சிக்குப் பதிலாக ஆயர்கள் கொண்ட சினோடை அமைத்தார். மறு ஆண்டே, படை அதிகாரிகளில் துணிச்சலான நல்ல ஆளாகப் பார்த்து அதன்மேல் வைக்கச் சொன்னார். முதலில் வந்தவர் இவான் போல்டின் என்ற கர்னல். பதவிக்கான விதிமுறை இவரை 'நமது கண்' என்கிறது. ஒற்றனை மன்னவன் கண் என்ற குறள் ஞாபகம் வருகிறதா? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

பிறகு வழக்கறிஞர் எப்படி நுழைந்தார்? சோவியத் காலத்தில் புரோக்குரோர் என்றால் அரசுத் தரப்பு வழக்கறிஞர். ஸ்டாலின் காலத்து மாஸ்கோ வழக்குகளில் விஷின்ஸ்கி இருந்த பதவி. அந்த அர்த்தத்தைப் பின்னோக்கி இழுத்து ஒட்டிவிட்டார்கள். பொபெதனோஸ்ட்சேவ் சட்டப் பேராசிரியராகவும் இருந்தவர் என்பதால் பொருத்தம் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்கு ஓடுவதை மொழிபெயர்ப்பு என்கிறோம். 1881இல் 'வழக்கறிஞர்' மன்னருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை எதேச்சாதிகாரத்தில் கை வைக்கமாட்டோம் என்றதும், சீர்திருத்தம் பேசிய உள்துறை அமைச்சர் லோரிஸ்-மெலிகோவ் பதவி விலகினார். ஒரு வக்கீலுக்கு அத்தனை செல்வாக்கா என்று வாசகர் குழம்பமாட்டாரா?

'தலைமைக் கண்காணிப்பாளர்' என்பாரும் உண்டு. தமிழ் விவிலியத்தில் 'கண்காணி' என்றால் ஆயர். இவரோ அங்கி போடாதவர், சினோடின் உறுப்பினர்கூட அல்ல. 1901இல் எழுத்தாளர் தல்ஸ்தோயைத் திருச்சபையிலிருந்து விலக்கிய அறிவிப்பில் கையெழுத்திட்டவர்கள் ஆயர்களே. இவர் பெயர் அதில் கிடையாது.

என் தேர்வு 'சினோடின் தலைமை ஆணையர்'. அறநிலையத் துறைக்கு ஆணையர் இருப்பது நமக்குத் தெரியும். அவரை யாரும் அர்ச்சகர் என்றோ வக்கீல் என்றோ நினைப்பதில்லை. முதல்முறை வரும் இடத்தில் ரஷ்யச் சொல்லையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் போட்டுவிடலாம். அரை வரிதான் கூடும்.