பேட்டா: தமிழில் 'படி'

சிராவயல் மஞ்சுவிரட்டு, பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி, காரைக்குடி கொப்புடையம்மன் திருவிழா என எதற்குப் பந்தோபஸ்து போட்டாலும் காவலர் பேச்சில் அடிபடும் சொல் இது. "பேட்டா வந்துருச்சாண்ணே?" சம்பளம் வேறு, பேட்டா வேறு. வெளியூர்ப் பணிக்கும் சாப்பாட்டுக்கும் தனியே தருவதுதான் பேட்டா.

கிழக்கிந்தியக் கும்பெனிப் பட்டாளத்தில் 'பத்தா' என்று புழங்கிய சொல். நெல்லைக் குறிக்கும் கன்னடப் 'பத்த'தான் மூலம் என்பார்கள். 1766-ல் வங்காளத்தில் கவர்னர் கிளைவ் இரட்டைப் பத்தாவை வெட்டியதும், கும்பெனியின் வெள்ளை அதிகாரிகளே கூண்டோடு ராஜினாமா செய்யத் துணிந்தார்கள். அப்போதும் பூசல் சம்பளத்தில் இல்லை, மேல்படியில்தான்!

நேர்ச்சொல் 'படி'. இதுவும் சோற்றில் பிறந்ததே. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். நாள்தோறும் அளந்து கொடுத்தது படி, கொடுத்தவர் படியளந்தவர். திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் அப்பரும் சம்பந்தரும் பெற்றது படிக்காசு. சம்பந்தர் காசுக்குக் கடைக்காரர்கள் வாசி கேட்டதால் அடியார்களுக்கு அமுது தாமதமானது. அந்த வாசியை, அதாவது காசு மாற்றும்போது பிடிக்கும் கழிவை, ஆங்கிலேயர் அதே 'பத்தா' என்ற பெயரால்தான் எழுதினார்கள். பழைய கணக்கேடு படிப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவதுண்டு.

அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் மாதச் சம்பளத்தோடு வந்துவிடும். பயணப்படிக்குப் பில் போட வேண்டும். புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும் ஸ்டேஷன் நாட்குறிப்போடு ஒத்துப்போகாவிட்டால் பில் திரும்பி வரும். ஆகவே 'படி உயர்வு' என்று மொட்டையாக எழுதாமல் எந்தப் படி என்று சொல்ல வேண்டும்.

காவலர் சம்பளம், படி பற்றிய செய்திகளில் வரும் 'போலீஸ் ஸ்டிரைக்' என்பதிலும் கவனம் வேண்டும். 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலர் அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேர்ந்தாலே 2 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணியை நிறுத்தும்படி தூண்டுபவருக்கு 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 6 மாதம் வரை சிறை உண்டு. அதனால் காவலர்கள் லீவு மனுவைத்தான் நீட்டுவார்கள். சம்பளத்தையும் பணிச்சுமையையும் முன்வைத்துக் கர்நாடகக் காவலர்கள் 2016 ஜூன் 4-ஆம் தேதிக்கு அறிவித்ததும் அதுவே. தமிழில் அதற்குக் 'கூட்டு விடுப்பு' என்பதே பொருந்தும். 'வேலைநிறுத்தம்' என்று தலைப்பிட்டால், அவர்கள் சொல்லாமல் தவிர்த்த சொல்லை நாமே அவர்கள் வாயில் போட்டதாகிவிடும்.