ஹெல்த் டிப்ளமசி: தந்திரமா, தூதா?

ஒரு கருத்தரங்கு அழைப்பிதழைத் தமிழில் போட்டுத் தரச் சொல்லி நண்பர் அனுப்பியிருந்தார். தலைப்பில் இருந்தவை இரண்டே தொடர்கள்: ‘குளோபல் ஹெல்த் டிப்ளமசி’, ‘ஹியூமன் செக்யூரிட்டி’. அகராதியைப் புரட்டி ‘உலகச் சுகாதார அரசதந்திரமும் மனிதப் பாதுகாப்பும்’ என்று எழுதினேன். இங்கே சிங்கப்பூரில், தேக்கா உணவங்காடியில் என்னோடு தேநீர் குடிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “சுகாதாரத்துல என்ன தம்பி தந்திரம்? யாரை ஏமாத்தப் போறாங்க? அப்புறம் இந்த மனிதப் பாதுகாப்புன்னா என்ன, செக்யூரிட்டி கார்டு வேலையா?”

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு கேள்வியும் நியாயம் என்று பட்டது.

வடமொழியில் தந்திரம் என்றால் முதலில் தறி, தறியில் ஓடும் பாவு. அதிலிருந்து ஒழுங்காக அமைந்த முறை, நூல், ஆட்சிமுறை என்று பொருள் விரிந்தது. அரசதந்திரம் அந்த வழியில் வந்த சொல். ஆனால் நம் பேச்சில் தந்திரம் நரியிடம் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சூழ்ச்சிக்கும் இதே கதிதான். குறளில் ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்றால் கலந்து ஆராய்வதன் முடிவு துணிந்து இறங்குவது. இன்று தொலைக்காட்சித் தொடரில் மாமியார் செய்வது சூழ்ச்சி. ‘அரசதந்திர உறவு’ என்று இங்குள்ள செய்திகளில் நாள்தோறும் படிக்கிறோம், உறுத்துவதில்லை. சுகாதாரத்தோடு ஒட்டும்போதுதான் நரி எட்டிப் பார்க்கிறது.

டிப்ளமசியின் வேரில் நரி இல்லை. கிரேக்கத்தில் அது ‘இரண்டாக மடித்தது’. ரோமானியர்களிடம் மடித்த ஆவணத்துக்கு அந்தப் பெயர். அரசு வேலையாகப் பயணம் போகிறவர் கையில் இருந்த அனுமதிச் சீட்டும் அதில் அடக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பிள்ளைகள் வாங்கும் டிப்ளமாவும் இதே மடிப்புதான். ஆவணத்தைக் குறித்த சொல், நாடுகள் தங்களுக்குள் பேசும் கலைக்குப் பெயராகி, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, மூலத்தில் இருப்பவர் கையில் ஓர் ஏட்டோடு நடக்கும் ஆள். அவர்கள் மடித்தார்கள், நாம் ஓலையைச் சுருட்டினோம். அப்படி நடப்பதற்கு நம்மிடம் தூது என்ற சொல் இருக்கிறது. அதுவும் வடமொழியோடு உறவுள்ளதுதான், ஆனால் ‘ஓதல் பகையே தூதிவை பிரிவே’ என்று தொல்காப்பியத்திலேயே குடியேறிவிட்டது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை போனது தூது. குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம்.

நோயைத் தடுக்க நாடுகள் தங்களுக்குள் பேசுவதுதான் ‘ஹெல்த் டிப்ளமசி’. அப்படி நோய்க்காகத் தூது போவதும் புதுச் சரக்கு அல்ல. 1851இல் பாரிசில் கூடிய முதல் அனைத்துலகச் சுகாதார மாநாட்டுக்கு 12 நாடுகள் ஆள் அனுப்பின. நாட்டுக்கு இருவர்: ஒரு மருத்துவர், ஒரு தூதர். காலரா வரக்கூடாது, கப்பல் வணிகமும் நிற்கக்கூடாது. இதுதான் அவர்கள் முன் இருந்த சிக்கல். ஆறு மாதம் பேசியும் ஒன்றும் நிலைக்கவில்லை. காலராவுக்கென்று முதல் உடன்படிக்கை ஏற்பட 1892 வரை ஆயிற்று.

சிங்கப்பூருக்கும் இதில் பழைய பங்கு உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு உருவான நாடுகளின் சங்கம், தன் சுகாதார அமைப்பின் கிழக்குப் பணியகத்தை 1925இல் இங்கே திறந்தது. ஆசியத் துறைமுகங்களிலிருந்து வாரந்தோறும் தந்தி வரும்: எங்கே கொள்ளைநோய், எங்கே காலரா, எங்கே பெரியம்மை. அதைத் திரட்டி வானொலி அலையில் மற்றத் துறைமுகங்களுக்கு அனுப்புவார்கள். தூதின் வேலையே அதுதானே, சேதியைக் குறைக்காமல் கூட்டாமல் நேரத்தில் சேர்ப்பது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் விதிகள் அதற்குக் கெடுவே வைத்திருக்கின்றன: எல்லை தாண்டக்கூடிய அபாயம் என்று ஒரு நாடு மதிப்பிட்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

சார்ஸ் நோய் பரவிய 2003ஐ நினைத்துப் பாருங்கள். ஹனோயில் அந்த நிறுவனத்துக்காக வேலை பார்த்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானி, மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளியைப் பார்த்து, இது வழக்கமான காய்ச்சல் இல்லை என்று உலகத்துக்குச் சொன்னார். வியட்னாம் அதிகாரிகளிடம் பேசி நடவடிக்கை எடுக்க வைத்தார். அதே நோய் தொற்றி மார்ச் 29 அன்று பேங்காக்கில் இறந்தார். ‘இறுதி பயப்பினும் எஞ்சாது இறைவற்கு உறுதி பயப்பதாம் தூது’: தனக்குச் சாவே வந்தாலும் விட்டுவிடாமல் தன் அரசனுக்கு நன்மை தேடித் தருவதுதான் தூது. சார்ஸ் இங்கே 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொண்டுபோனது. சேதி இன்னும் தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

சரி, செக்யூரிட்டி. லத்தீனில் அது ‘கவலை நீங்கிய நிலை’. தமிழில் பாதுகாப்பு என்ற ஒரே மூட்டைக்குள் எல்லாவற்றையும் திணித்துவிட்டோம்: வேலையிடத்தில் தலைக்கவசம், வாசலில் நிற்கும் காவலர், நாட்டு எல்லை. சிங்கப்பூர்த் தமிழ் இதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. இராணுவ விஷயத்துக்குத் தற்காப்பு என்று தனியே பிரித்து வைத்தது. அந்த மூட்டையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து எடுத்ததுதான் ‘ஹியூமன் செக்யூரிட்டி’. 1994இல் ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கை இதைப் பரவலாக்கியது. பின்னால் இருந்தவர் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக். எல்லை பத்திரமாக இருக்கலாம், உள்ளே இருக்கிறவன் பட்டினியிலோ நோயிலோ செத்தால் அது என்ன பாதுகாப்பு என்பது கேள்வி. பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என்று ஏழாகப் பிரித்தார்கள்.

ஏழும் ஏட்டில்தான் தனித்தனி. 2020 ஏப்ரலில் கோவிட் பரவி, வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் அடைக்கப்பட்டபோது, தொலைபேசியில் மொழிபெயர்க்கத் தொண்டூழியராகச் சேர்ந்தேன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பேசினார். சம்பளம் வருமா என்றார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வெளியே விடுவார்களா என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீரப்போகிறது என்றார். அறையில் பன்னிரண்டு பேர், எப்படித் தள்ளிப் படுப்பது என்றார். கடைசியில், வைக்கப் போகும்போதுதான், “ரெண்டு நாளா சோத்துல ருசியே தெரியலண்ணே” என்றார். மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது அவருக்குக் கடைசிக் கவலையாக இருந்தது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் விடுதிவாசிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது.

இந்தப் பாதுகாப்புக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ஏமம், அதாவது காவல். ‘பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம் அணியென்ப நாட்டிற்கிவ் வைந்து’. ஒரு நாட்டுக்கு அணி எது என்ற பட்டியலில் வள்ளுவர் நோயின்மையை முதலிலும் காவலைக் கடைசியிலும் வைக்கிறார். ஆனால் ஏமத்தை இன்று எழுதினால் பெரியவர் மறுபடியும் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று கேட்பார். காப்பு என்று போடலாமா என்றும் யோசித்தேன். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டக்கூடாது என்பார்களே, நம் ஊர் குவாரன்டைன் அது.

இரண்டு தொடரும் எப்போதும் ஒத்துப்போகும் என்று நினைக்க வேண்டாம். குறள் சொல்லும் தூதனுக்கு ஓர் அரசன் இருக்கிறான். அவனுக்குத்தான் உறுதி தேட வேண்டும். நோய்க்கோ ஓர் அரசன் போதாது. பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளைத் தருவதை 2007இல் இந்தோனேசியா நிறுத்தி வைத்தது. எங்கள் மாதிரியை வைத்துத் தடுப்பூசி செய்கிறீர்கள், அதை வாங்க எங்களிடம் பணமில்லை என்பது அதன் வாதம். நியாயம்தான், ஆனால் மாதிரி வராத நாளெல்லாம் பக்கத்து நாட்டு மக்களுக்கும் ஆபத்து. மாதிரியையும் அதனால் வரும் பலனையும் பகிர்ந்துகொள்ள, இன்ஃபுளுவென்சாவுக்கு மட்டும் 2011இல் ஓர் ஏற்பாடு வந்தது. 2025 மே மாதம் ஏற்கப்பட்ட பெருந்தொற்று உடன்படிக்கையிலும் இதே முடிச்சைத்தான் தனி இணைப்பாகப் பிறகு பேச ஒதுக்கி வைத்தார்கள்.

கடைசியில் நண்பருக்கு ‘உலக நலவாழ்வுத் தூதுறவும் மக்கள் காப்பும்’ என்று அனுப்பினேன். சுகாதாரம் என்றதும் சாக்கடை நினைவுக்கு வருகிறவர்களுக்காக நலவாழ்வு. தூதுறவை உடனே ஒப்புக்கொண்டார். காப்பைத்தான் விடவில்லை, கைவளையல் கண்காட்சி என்று நினைத்து ஆள் வந்துவிடுவார்கள் என்றார். அழைப்பிதழில் ‘மக்கள் பாதுகாப்பு’ என்று அச்சாகியிருக்கிறது.