விளக்க அட்டையில் விட்டுப்போன வரி

அருங்காட்சியகப் பொருள்களை ஆவணப்படுத்துவது என் தொழில். அளவெடுப்பது, போட்டோ எடுப்பது, விளக்க அட்டை எழுதுவது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தேர்ச் சிற்பத்துக்கு இப்படி எழுதினேன்: 'இலுப்பை மரம், 19ஆம் நூற்றாண்டு, நன்கொடை.' மறுவாரமே பேரனைக் கூட்டிக்கொண்டு திருமங்கலம் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். தச்சாசாரி. கண்ணாடிப் பேழைக்குப் பக்கவாட்டில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, நன்கொடைன்னு போட்டிருக்கீக. பின்னால ரம்பம் பட்ட கோடு தெரியுதே. தேர்ல இருந்து அறுத்துல்ல எடுத்திருக்காக. யாரு குடுத்தா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கோட்டை நானும் பார்த்திருக்கிறேன். 'பின்புறம் தேய்மானம்' என்று குறித்து வைத்திருந்தேன்.

ஆசாரி கேட்டதை ஒரு கண்காட்சியாகவே செய்து காட்டியவர் அமெரிக்கக் கலைஞர் ஃபிரெட் வில்சன். 1992இல் பால்டிமோரில் மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் கிடங்கில் கிடந்தவற்றையே எடுத்து மாற்றி அடுக்கினார். வேலைப்பாடு மிகுந்த வெள்ளிப் பாத்திரங்கள் இருந்த பேழைக்குள், அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கையும் வைத்தார். அட்டையில் 'உலோக வேலைப்பாடு, 1793–1880'. அவ்வளவுதான். பொய்யாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் படித்தவுடன் வயிற்றைப் பிசையும்.

சரி, பால்டிமோர் கதை நமக்கு எதற்கு? அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பிலடெல்பியா. அந்த ஊர் கலை அருங்காட்சியகத்துக்குள் நம் மதுரை மேல மாசி வீதி மதனகோபாலசுவாமி கோயிலின் 16ஆம் நூற்றாண்டுத் தூண் மண்டபம் நிற்கிறது. 1912இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி அறுபதுக்கும் மேற்பட்ட கருங்கல் சிற்பங்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். 1919இல் அவர் இறந்ததும், குடும்பத்தார் அவர் நினைவாக அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை நான் திருட்டு என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'வாங்கினார்' என்று எழுதும் கை, விற்றது யார், எந்த உரிமையில் விற்றார் என்பதையும் தேட வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு கோயில் கல்லுக்கு யார் விலை சொல்லியிருக்க முடியும்?

2016இல் அந்தக் கூடங்களைப் புதுப்பித்துத் திறந்தபோது, லாகூரில் பிறந்த ஷாஜியா சிக்கந்தரை ஒரு படைப்பு செய்யச் சொன்னார்கள். அதே அருங்காட்சியகத்தில் இருந்த 18ஆம் நூற்றாண்டுத் தக்காணச் சுவடி ஒன்றின் ஓவியங்களை எடுத்து, அசையும் படமாக்கி, இசையோடு ஓடவிட்டார். பேழைக்குள் மூடிக் கிடந்த ஏடு சுவரில் நகர ஆரம்பித்தது.

நம் ஊரில் நான் நடத்திய பட்டறைக்கு வந்த ஒரு மாணவி செய்தது இதைவிட எளிது. விடியக்காலையில் மேல மாசி வீதிக்குப் போய், பிலடெல்பியாவுக்குப் போன தூண்களின் அடிச்சதுரங்களைத் தோராய அளவில் கோலமாவால் வரிசையாகப் போட்டாள். பூக்காரம்மா ஒருவர், "என்னத்தா, கட்டம் கட்டமா, தாயமா ஆடப் போறே?" என்றார். எட்டு மணிக்குள் பைக்குகள் ஏறி அழித்துவிட்டன. அவள் அதைத்தான் வீடியோ எடுத்தாள்.

பொருள்கள் மட்டுமல்ல, ஆட்களும் அருங்காட்சியகக் கணக்கில் ஏறியிருக்கிறார்கள். 1885 முதல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து குறித்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, போட்டோகிராபர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 தொடங்கி எடுத்த படங்களில் ஒன்றில், அந்தக் கால ஆய்வுப் போட்டோக்களைப் போலவே கட்டம் போட்ட திரைக்கு முன்னால் தானே பழங்குடிப் பெண்ணாக நிற்கிறார். சிரிப்பும் வரும், கூச்சமும் வரும். நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சாதிப் பெருமை பேசத் தர்ஸ்டனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மூக்கை அளந்த கருவி மட்டும் அந்தப் பதிவில் இருப்பதில்லை.

உங்கள் ஊர்க் கோயில் சிலை, பழைய தேர், வீட்டுச் செப்பேடு எதுவானாலும் அனுமதி வாங்கி இப்போதே படம் எடுத்து வையுங்கள். முன், பின், பக்கம், பக்கத்தில் ஒரு அடிக்கோல். உடைந்த மூலை, தேய்ந்த விரல் தனியாக. கடத்தப்பட்ட பல சிலைகளை அடையாளம் காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய கருப்பு வெள்ளைப் படங்கள்தான். உழும்போது ஏதாவது கிடைத்தால் வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். 1878இல் வந்த புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அப்புறம், மியூசியத்துக்குப் போனால் பொருள் எப்படி வந்தது என்று காவலரிடமாவது கேளுங்கள். நாலு பேர் கேட்டால் எங்களுக்கும் பதிவேட்டைப் புரட்ட நேரம் கிடைக்கும்.

தேர்ச் சிற்பத்தின் பதிவேட்டில் ஒரே வரிதான் இருந்தது: 'கலெக்டர் ஆபீஸ் மூலம் வரவு.' அட்டையை மாற்ற எட்டு மாதம் பிடித்தது. இப்போது அதில் இருப்பது: 'இலுப்பை மரம். தேரிலிருந்து ரம்பத்தால் அறுத்து எடுக்கப்பட்டது. கலெக்டர் அலுவலகம் வழியாக வந்தது. எந்த ஊர்த் தேர் என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.' கீழே ஒரு போன் நம்பர்.