பூ இல்லாத குறிஞ்சியைப் பார்த்திருக்கிறீர்களா?

மலைத் தாவரங்களைக் கணக்கெடுப்பது என் வேலை. நீலக்குறிஞ்சி என்று பேச்சு வந்தாலே எல்லோரும் கேட்பது, "அடுத்து எப்போது பூக்கும்?" என்றுதான். மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. சரி, அதுவரை அந்தச் செடி எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கவலையே அந்த இடைப்பட்ட வருடங்களைப் பற்றித்தான்.

பூ இல்லாதபோது அது வெறும் புதர். பெரும்பாலும் முழங்கால் உயரம். கணுவுக்குக் கணு எதிரெதிராக இலைகள். விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள், நரம்புகள் பதிந்து மேற்புறம் வரிவரியாக இருக்கும். பழகாத கண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது.

2014-இல் ஒரு மலைச்சரிவில் மரக்கன்று நடும் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் சரிவு முழுக்கச் சுத்தம் செய்தாகிவிட்டது. ஓரத்தில் குவித்திருந்த புதர்களில் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். வேரோடு பிடுங்கிய குறிஞ்சி. குவியலைக் கிளறக் கிளற அதுவேதான். இன்னும் நான்கு வருடம் விட்டிருந்தால் பூத்திருக்கும். வந்திருந்தவர்கள் நல்ல மனதோடுதான் வந்தார்கள். காடு என்றால் மரம் என்று நம்பியவர்கள், அவ்வளவுதான்.

குறிஞ்சி வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து, விதைத்து, மடிந்துவிடும். சரிவு முழுக்கச் சமவயதுச் செடிகள். பூப்பதற்கு முன்னால் பிடுங்கினால் அந்தத் தலைமுறையின் விதை மண்ணில் விழுவதே இல்லை. பூத்தபின் கொத்துக் கொத்தாகப் பறித்தாலும் அதே கதைதான். விதை முற்றுவதற்குள் காட்டுத்தீ வந்தாலும் அப்படியே.

இன்னொன்று, இது வெயில் வேண்டும் செடி. ஏறத்தாழ 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், சோலைக்காடுகளுக்கு நடுவே விரிந்த புல்வெளிதான் அதன் வீடு. வெள்ளையர் காலத்தில் அந்தப் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். அப்புறம் தேயிலை வந்தது, சீகை என்கிற வாட்டில் மரம், யூகலிப்டஸ், பைன் எல்லாம் வந்தன. சீகை தானாகவே பரவி, புல்வெளியை நிழலால் மூடிவிடுகிறது. அதனால் மலையில் மரம் நடுகிறோம் என்று யாராவது சொன்னால், முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். புல்வெளி என்றால் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

சட்டப் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, கொட்டக்கொம்பூர் பகுதியில் சுமார் 32 சதுர கிலோமீட்டரில் 2006-இல் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலும் குறிஞ்சி இருக்கிறது. 2024-இல் உலக அளவிலான சிவப்புப் பட்டியலிலும் அழிய வாய்ப்புள்ள இனமாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் சரணாலய எல்லைக்கு வெளியே, சாலையோரச் சரிவில் நிற்கும் புதரை எந்தப் பட்டியலும் அடையாளம் காட்டாது. பக்கத்தில் நிற்கும் மனிதர்தான் காட்ட வேண்டும்.

2030-இல் பூக்க வேண்டிய செடிகள் இப்போதே அங்கே வளர்ந்துகொண்டிருக்கின்றன. நடைபாதையை விட்டு இறங்கி மிதிக்காதீர்கள். சாலை போடவோ கட்டடம் கட்டவோ புதர் வெட்டுவதைக் கண்டால் ஓர் இலையைக் கவனித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் படமெடுத்து, எந்த இடம் என்று குறித்து, அன்றைக்கே வனச்சரக அலுவலகத்தில் காட்டிவிடுங்கள்.