கழிவுக் கல்லுக்கும் கணக்கு உண்டு: நெல்லையில் வீடு கட்டுவோருக்கு

தாழையூத்தில் 1949-ல் சிமெண்ட் ஆலை வந்ததிலிருந்து நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை வெட்டிக்கொண்டே இருக்கிறோம். வெட்டிய கல் எல்லாம் சூளைக்குப் போவதில்லை; தரம் குறைந்தது ஒதுங்கிவிடும். அப்படி ஒதுங்கியதைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது. மேல்மண், வெறும் பாறை, தரம் குறைந்த கனிமம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குவிக்க வேண்டும் என்கின்றன 2017-ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகள். பின்னால் எடுத்துப் பயன்படுத்த வழி வேண்டும் அல்லவா?

அந்த வழி 2023-ல் இன்னும் அகலமானது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த சிமெண்டுக்கு ஐ.எஸ். 18189 என்ற தர விதி வந்தது. பாதி கிளிங்கர் (சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சேர்த்துச் சூளையில் சுட்டெடுக்கும் கட்டி), 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், மீதி ஜிப்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கலவை. இதில் சேரும் சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதில்லை, அரைத்தே சேர்க்கிறார்கள். அதனால் கிளிங்கருக்கு ஆகாத கல்லும் இதற்கு ஆகும். கிளிங்கருக்கு 1450 டிகிரி வெப்பம் வேண்டும். களிமண்ணுக்கு 800 டிகிரி அளவே போதும். எரிபொருள் மிச்சம், புகையும் குறைவு. நம் மாவட்டத்துக்கு மிகவும் பொருந்துகிற சிமெண்ட் இது என்பது என் எண்ணம்.

கடையில் இன்று அதிகம் கிடைப்பது பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த சிமெண்ட். அனல்மின் நிலையச் சாம்பல் அதில் 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். விதி எண் ஐ.எஸ். 1489. "சாம்பல் கலந்தால் கலப்படம்" என்று சொல்லும் கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. எந்த சிமெண்டானாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது. மூட்டையிலுள்ள உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும்.

ஏமாற்றம் நடப்பது பெரும்பாலும் மணலில்தான். கிரஷரில் ஜல்லி உடைக்கும்போது விழும் பவுடரை எம்-சாண்ட் என்று லோடு இறக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. எம்-சாண்ட் என்பது மணல் பருமனுக்கென்றே உடைத்து, உருட்டி, தூள் நீக்கிய கல். ஐ.எஸ். 383 விதிப்படி உடைத்த கல் மணலில் 75 மைக்ரானைவிட மெல்லிய தூள் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கலவை தண்ணீரை அதிகம் கேட்கும். தண்ணீர் கூடினால் பலம் குறையும், காய்கையில் வெடிப்பும் விடும். தாமிரபரணி மணலைத் தொடாமல் எம்-சாண்டுக்கு மாறியவர்கள் நல்லதைத்தான் செய்தார்கள். அவர்கள் தலையில் பவுடரைக் கட்டுவது பெரிய அநியாயம்.

பவுடர் வீண் பொருளல்ல. பேஸ்மட்டம் நிரப்பவும் ஹாலோ பிளாக் போடவும் தாராளமாக ஆகும். தூண், பீம், தளம் மூன்றுக்கும் மட்டும் வேண்டாம்.

லோடு வந்ததும் லாரிக்காரரிடம் நடைச்சீட்டைக் கேளுங்கள். ஏற்றிய இடமும் பொருளின் பெயரும் அதில் இருக்கும். எம்-சாண்ட் ஆலைக்குப் பொதுப்பணித்துறை தரும் தரச் சான்றின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். சீட்டில் பவுடர் என்றோ டஸ்ட் என்றோ இருந்தால், இறக்குவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுங்கள்.