மின்நிலையச் சாம்பல் நம் வீட்டுச் சாந்துக்கு இலவசமாகக் கிடைக்குமா? 300 கிலோமீட்டர் விதி சொல்வது

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கொஞ்சம் பழைய மாடி வீடுகளைப் பாருங்கள். சன்ஷேடின் அடியில் காரை உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். உப்புக்காற்று செய்கிற வேலை அது. அங்கே வெறும் சிமெண்ட் சாந்து பூசினால் நிற்காது என்று மேஸ்திரி பாலிமர் லேட்டக்ஸ் (பால்போன்ற ஒட்டும் திரவம்) கலந்த சாந்தையோ எபாக்ஸி (செயற்கைப் பிசின்) சாந்தையோ கேட்பார். விலையைக் கேட்டதும் வீட்டுக்காரருக்கு மலைப்பாக இருக்கும். உடனே யாராவது, "நெய்வேலி சாம்பலைக் கலந்தால் செலவு குறையுமே, அதை இலவசமாகத் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறதே" என்பார்கள். இதில் பாதிதான் சரி.

சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-ன் கீழ் மத்திய அரசு வெளியிட்ட சாம்பல் பயன்பாட்டு அறிவிக்கை அது. முதலில் வந்தது 1999-ல். செங்கலுக்காக மேல்மண் வெட்டப்படுவதைக் குறைப்பதும் அதன் நோக்கம். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் சூளைக்குப் போவதைப் பார்த்து வளர்ந்த டெல்டாக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். இப்போது நடைமுறையில் இருப்பது 2021 டிசம்பர் 31 அன்று வெளியான புதிய அறிவிக்கை. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி மின்நிலையங்கள் தங்கள் சாம்பலை 100 சதவீதம் பயனுள்ள வழியில் செலவழிக்கவேண்டும். தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்கிறது அது.

300 கிலோமீட்டர் கணக்கு எங்கே வருகிறது? மின்நிலையத்திலிருந்து அந்தத் தொலைவுக்குள் சாலை, மேம்பாலக் கரை, அணை, கடலோரத் தடுப்பு போன்ற வேலைகளைச் செய்யும் நிறுவனங்கள் சாம்பலைப் பயன்படுத்தியாகவேண்டும். நெய்வேலி நமக்குப் பக்கம்தான். மேட்டூர் அனல்மின்நிலையத்திலிருந்து வேதாரண்யத்துக்குக்கூட நேர்கோட்டில் 300 கிலோமீட்டர் வராது. ஆக, டெல்டா முழுவதும் இந்த வட்டத்துக்குள் அடங்கும்.

அந்தப் பெரிய வேலைகளுக்குத்தான் சாம்பலும் வண்டிச் செலவும் இலவசம் என்று அறிவிக்கை பேசுகிறது. அதிலும், மின்நிலையமே கட்டுமான நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் அது பொருந்தும். சாம்பலுக்கு வேறு இடத்தில் கிராக்கி இருக்கும்போது அந்த நிறுவனம் தானாகப் போய்க் கேட்டால், இரு தரப்பும் பேசி முடித்த விலையை மின்நிலையம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வீட்டுச் சன்ஷேடுக்கு நாலு மூட்டை இலவசமாகக் கொடு என்று கேட்க இதில் இடமில்லை. இதைத் தெரியாமல் வண்டி வாடகை கொடுத்துப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். வீடு கட்டுவோருக்குத் தொடர்பான பகுதி வேறு: ஃப்ளை ஆஷ் (மின்நிலையத்தின் நுண்சாம்பல்) செங்கல், சாம்பல் கலந்த சிமெண்ட் போன்றவற்றின் விலை மாற்றுப் பொருளைவிட அதிகமாக இல்லாதபோது, கட்டுமானத்தில் அவற்றைத்தான் பயன்படுத்தவேண்டும்.

சரி, பாலிமர் சாந்து? அறிவிக்கையின் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளில் "ஜியோபாலிமர்" கட்டுமானப் பொருள் இருக்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்பவேண்டாம். ஜியோபாலிமரில் பிளாஸ்டிக் கிடையாது. சாம்பலைக் காரக் கரைசலில் வினைபுரிய வைத்து இறுக்குகிறார்கள். நம் மேஸ்திரி கேட்ட எபாக்ஸி சாந்தில் சாம்பல் வெறும் நிரப்புப் பொருளாக வரும்.

எபாக்ஸியில் அதிக விலை பிசினுக்குத்தான். ஃப்ளை ஆஷ் துகள் மிக நுண்மையானது, பெரும்பாலும் உருண்டை. மணலுக்கு இடையிலுள்ள இடைவெளியை அது அடைத்துக்கொள்வதால் குறைந்த பிசினே போதும், கலவையும் வழுக்கிக்கொண்டு பரவும். ஆனால் சாம்பல் காய்ந்திருக்கவேண்டும். ஈரம் இருந்தால் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. லேட்டக்ஸ் சாந்தில் கதை வேறு. அங்கே சாம்பல் சிமெண்டோடு மெல்ல வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கிறது, உப்புநீர் உள்ளே இறங்குவது குறைகிறது. ஆனால் வலு நிதானமாகத்தான் ஏறும். சாம்பல் சேர்த்தோம் என்று லேட்டக்ஸைக் குறைக்காதீர்கள், ஒட்டும் பிடிப்பைத் தருவது அதுதான்.

இன்னொன்று, சிமெண்ட் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) என்று இருந்தால் அதில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் சாம்பல் இருக்கிறது. அதற்கு மேலும் வேலை நடக்கும் இடத்தில் சாம்பலைக் கொட்டுவது தவறு.

எந்தச் சாம்பல் என்பதும் முக்கியம். சாம்பல் குளத்திலிருந்து அள்ளியது கரடுமுரடானது; நமக்கு வேண்டியது புகைபோக்கிக்கு முன்னால் பிடிக்கும் உலர் சாம்பல். நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஈரம் பட்டால் தானே இறுகிவிடும். மேட்டூர்ச் சாம்பல் அப்படியல்ல. ஒன்றுக்குச் சொன்ன அளவு மற்றதற்குப் பொருந்தாது. ஐஎஸ் 3812 (சாம்பலுக்கான இந்தியத் தரநிலை) தரத்துக்கான பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

நம் அரிசி ஆலை உமிச்சாம்பலிலும் சிலிக்கா நிறைய உண்டு, சரியாக எரித்தால் நல்ல பொருள். ஆனால் நிலக்கரிச் சாம்பல் அறிவிக்கைக்குள் அது வராது. அப்புறம், "ஃபேக்டரி பவுடர், மலிவு" என்று பெயர் தெரியாத கழிவை லோடு இறக்க வந்தால் வாங்காதீர்கள். முலாம் பூசும் பட்டறைச் சேறு, பெயிண்ட் கசடு போன்றவை 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் எதிலும் கலக்கக்கூடாது. சந்தேகம் வந்தால், வண்டி நிற்கும்போதே வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.