டிப்ஸ் வைத்தவருக்குக் கால் விறைத்தால் ஈரலையும் நினையுங்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். ஈரல் சுருக்க நோய். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருந்ததால் போன வருடம் ஈரலுக்குள் டிப்ஸ் (TIPS) என்ற குழாயை வைத்திருக்கிறார்கள். மனைவியின் தோளைப் பிடித்துத்தான் நடந்தார். இரண்டு செருப்பிலும் முன்நுனி மட்டும் தேய்ந்திருந்தது. பல மாதமாகக் காலை இழுத்தே நடந்திருக்கிறார். "சர்க்கரையால வந்த நரம்புத் தளர்ச்சின்னாங்க டாக்டர்" என்றார் மனைவி. பிசியோதெரபி, முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எல்லாம் முடிந்துவிட்டன. எம்ஆர்ஐ நார்மல்.

ஈரல் யார் நினைவுக்கும் வரவில்லை. "டியூப் வெச்சாச்சு, லிவர் சரியாயிடுச்சு" என்ற நம்பிக்கைதான் காரணம். எத்தனை முறை சொன்னாலும் இது மாறமாட்டேன் என்கிறது. கழுத்து ரத்தக்குழாய் வழியாகப் போய், ஈரலுக்குள் போர்ட்டல் சிரையையும் (குடல் ரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுவருவது) ஈரல் சிரையையும் ஒரு ஸ்டென்ட்டால் (வலைக்குழாயால்) இணைக்கிறோம். இதுதான் டிப்ஸ். அழுத்தம் குறையும், ரத்த வாந்தி நிற்கும், வயிறு வற்றும். சுருங்கிய ஈரல் சுருங்கியேதான் இருக்கும். குடலிலிருந்து வரும் ரத்தத்தில் பெரும்பங்கு அமோனியா போன்ற நச்சுகளோடு சுத்திகரிக்கப்படாமலே உடம்புக்குள் போகிறது. வயிறு வற்றியதைப் பார்த்து குணமாகிவிட்டது என்று லாக்டுலோஸை (நச்சை மலத்தோடு வெளியேற்றும் மருந்து) நிறுத்துகிறார்கள், செக்கப்புக்கு வருவதில்லை. சிலர் மறுபடி குடிக்கவும் செய்கிறார்கள்!

டிப்ஸுக்குப் பின் மனக்குழப்பம் வரலாம் என்பது பலருக்குத் தெரியும். அரிதாக, தண்டுவடமும் பாதிக்கப்படும்; இது ஹெபாட்டிக் மயலோபதி. இரண்டு காலும் விறைக்கும், படியேற முடியாது. உணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு பெரும்பாலும் கெடாது. சர்க்கரை நரம்பு நோயில் ரிஃப்ளெக்ஸ் (முட்டியில் தட்டினால் கால் தானாக உதறுவது) குறையும், இதில் துள்ளும். சுத்தியலை எடுத்துத் தட்டிப் பாருங்கள் டாக்டர்களே, ஒரு நிமிட வேலை. பி12, தாமிரக் குறைபாடு, தண்டுவட அழுத்தம் ஆகியவற்றையும் விலக்கிவிடுங்கள். ஈரல் மாற்றுக்கு முன்னுரிமை தரும் மெல்ட் மதிப்பெண்ணில் காலுக்கு இடமில்லை; மதிப்பெண் குறைவாக இருக்கிறதே என்று இவர்களை ஈரல் மாற்று சிகிச்சைக்கு அனுப்பத் தாமதிக்காதீர்கள்.

லாக்டுலோஸ் மனதைத் தெளிய வைக்கும். விறைத்த காலை மீட்பது அபூர்வம். சிலருக்கு ஸ்டென்ட்டைக் குறுக்கிப் பார்க்கிறோம். சீக்கிரமே ஈரல் மாற்று செய்தவர்கள் நடந்திருக்கிறார்கள். சக்கர நாற்காலிக்குப் போய் நாளாகிவிட்டால் அதிகம் திரும்புவதில்லை. இந்த வாரம் வந்தவருக்கு எவ்வளவு திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

வீட்டில் இருப்பவர்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: டிப்ஸ் வைத்தவரின் நடையைக் கவனியுங்கள். கால் இழுத்தாலோ, திடீரென மஞ்சள் காமாலையுடன் ரத்தசோகை வந்தாலோ, விடாத காய்ச்சல் அடித்தாலோ உடனே ஈரல் மருத்துவரிடம் வாருங்கள். தினம் இரண்டு மூன்று முறை இளக்கமாக மலம் போக வேண்டும். லாக்டுலோஸ் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். முட்டை, பருப்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். புரதம் குறைந்து தசை கரைந்தால் அமோனியா இன்னும் ஏறும்.